குளக்கட்டுக் கிட்டம்: கேள்வி பதில்

நெடுங்கேணி: குளக்கட்டோரக் கருங்கட்டிகள் கிட்டமா (இரும்பு உலையில் உருகி உறைந்த கழிவா), செம்பூரான்கல்லா?

உடைந்த முகத்தைப் பாருங்கோ. செம்பூரான் உள்ளே செம்மஞ்சள், பொந்துகளில் மண். கிட்டம் கருஞ்சாம்பல், உருண்டைக் குமிழ்கள், மேலே பாகு உறைந்த சுருக்கம், கையில் நல்ல பாரம். அடி கிண்ணம்போல் வளைந்திருந்தால் கொல்லன் உலைக் கிட்டமாக இருக்கலாம். பொலித்தீன் சுற்றிய காந்தத்தை அந்த மண்ணில் இழுங்கோ. மெல்லிய செதில்கள் ஒட்டினால் அங்கே இரும்பு அடித்திருக்கிறார்கள். கழுவவேண்டாம். தோண்டவும் வேண்டாம், அதற்குத் தொல்லியல் திணைக்கள அனுமதி தேவை.

முள்ளியவளை: கிட்டம் ஓடியிருக்கிறதே, இரும்பும் உருகியதுதானே?

இல்லை. கிட்டத்தின் முக்கிய கனிமமான பயலைற் 1200 பாகை செல்சியசை அண்டி உருகும். தூய இரும்புக்கு 1538 வேண்டும். இரும்பு உருகாமல் பஞ்சுக்கட்டியாக நிற்க, கிட்டம் வழிந்தோடும்.

முள்ளியவளை மீண்டும்: கரி (காபன்) 4 வீதம் ஏறினால் இரும்பு 1150இலேயே உருகுமே?

நல்ல மறுப்பு. தீர்ப்பு கிட்டத்திடமே இருக்கிறது. வார்ப்பிரும்பு இறங்கிய உலையில் இரும்பு ஒட்சைட்டு கிட்டத்தில் சொற்பமே மிஞ்சும். கட்டி கண்ணாடிபோல், பாரம் குறைவாக இருக்கும். பஞ்சிரும்பு உலைக் கிட்டத்தில் பெரும்பாலும் பாதிக்கு மேல் இரும்பு ஒட்சைட்டுத்தான். ஒரு துண்டைப் பிசினில் பதித்து, 1200 இலக்க உரைதாள்வரை தேய்த்து, 1 மைக்ரோன் வைரப்பசையில் மினுக்கி நுணுக்குக்காட்டியில் பாருங்கோ. சாம்பல் நிறப் பயலைற் பாளங்களிடையே வெளிறிய பன்னக்கிளைகளாக வூஸ்ரைற் (இரும்பு ஒட்சைட்டுக் கனிமம்) நின்றால், அது வார்ப்பிரும்பு உலைக் கிட்டம் அல்ல.

கொக்கிளாய்: கடற்கரைக் கருமணலை உருக்கியிருப்பார்களா?

புல்மோட்டைக் கருமணலில் இல்மனைற் என்ற இரும்பு-டைட்டானியக் கனிமம் மிகுதி. உருக்கியிருந்தால் கிட்டத்தில் டைட்டானியம் ஏறியிருக்கும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி அதைக் காட்டிவிடும்.

வவுனியா: அதே கருவியால் பழைய கத்தி உருக்கா (காபன் சேர்ந்த இரும்பா) என்று சொல்லலாமா?

முடியாது. காபனை அது காணாது. துருவின் மேற்படலத்தையே படிக்கும். மினுக்கிய வெட்டுமுகத்தில் 2 வீத நைற்றலை (அற்ககோலில் கலந்த நைத்திரிக் அமிலம்) சில செக்கன் வையுங்கோ. காபன் அற்ப பெரைற் வெள்ளை, காபன் சேர்ந்த பேர்லைற் கருமை; கருமை மிகுந்தால் உருக்கு.

மாங்குளம்: துருவைத் தேசிக்காயால் எடுக்கலாமா?

வேண்டாம். பொருளின் பழைய வடிவம் துருவுக்குள்தான் இருக்கிறது. அமிலம் அதைத் தின்றுவிடும். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கோ.

மன்னார்: காலம் எப்படி அறிவது?

கிட்டத்துக்குள் சிக்கிய கரியைக் கதிரியக்கக் காபன் காலக்கணிப்புக்கு அனுப்பலாம். பாலை, முதிரை மரங்களின் நடுவைரக் கரி உலையைவிட வயது கூடக் காட்டும்; சுள்ளிக்கரி நல்லது. அலுமினியத் தாளில் சுற்றுங்கோ, பஞ்சு ஆகாது.

கிளிநொச்சி: துருவை வினாகிரியால் எடுக்கலாமா?

தேசிக்காய்க்குச் சொன்னதுதான். புளிக்கும் அதேதான்.

ஒட்டுசுட்டான்: துருத்தி இல்லாமல் உலை எரியுமா?

எரியும். இலங்கையின் தென்மலைச்சரிவிலுள்ள சமனலவெவவில் 7 முதல் 11ஆம் நூற்றாண்டுவரை தென்மேல் பருவக்காற்றே ஊதியது. ஆனால் அவை மலைச்சரிவு உலைகள். நம் தட்டை நிலத்தில் துருத்திக்குழாயின் சுட்டமண் துண்டுகளைத் தேடுங்கோ.

புதுக்குடியிருப்பு: வயல் வரம்பில் துருப்பிடித்த உருளை, பின்னால் சிறகுகள். பழங்காலப் பொருளா?

வெடிக்காத குண்டாக இருக்கலாம். தொடாதேங்கோ, காந்தமும் கொண்டுபோகாதேங்கோ. வந்த தடத்திலேயே திரும்பி, பிள்ளைகளை மறித்து, பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு எடுங்கோ.