கேள்வி–பதில்: பேசின் பிரிட்ஜில் ஒன்றரை அத்தியாயம்

கேள்வி: போன இதழில் ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதும்போது, 'ரயிலில் பொழுது போக்கப் படிக்கும் காதல் கதை அல்ல இது' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். நான் அந்த ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். கொருக்குப்பேட்டையில் ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் போனில் ஒரு அத்தியாயம், பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிறுத்திவிட்டால் ஒன்றரை. எல்லாம் ஜாலியான காதல் கதைகள்தான். வீட்டில் அண்ணன், 'குப்பையைப் படிச்சு மண்டையைக் கெடுத்துக்காதே' என்கிறான். நீங்கள் சொல்வதும் அதுதானா? எத்தனை கதை படித்துவிட்டு அந்த வரியை எழுதினீர்கள்?

– பெயர் வெளியிட வேண்டாம், கொருக்குப்பேட்டை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு. அதிலும் ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டேன். மதிப்புரைக்கு வந்த புத்தகத்தை உயரமாகக் காட்டப் பக்கத்தில் நிற்க ஒரு குள்ளமான ஆள் தேவைப்பட்டது, உங்கள் கதையை இழுத்து நிறுத்திவிட்டேன். தப்புதான்.

உங்கள் கடிதம் வந்த பிறகு மூன்று வாரத்தில் பன்னிரண்டு படித்திருக்கிறேன். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில், உங்களைப் போலவே போனில். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்ததால் பக்கத்து சீட்டுப் பையனும் சேர்ந்து படித்தான். ஒரு முத்தக் காட்சியில் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். ஆகவே இனி சொல்வதைப் படித்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம்.

எண்பதுகளில் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அத்தை ரெடிமேட் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். டஜன் கணக்கில் கூலி. மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்து, தெருக்குழாயில் தண்ணீர் வரும்வரை அரை மணி நேரம் கிடைக்கும். வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, வாடகை நூலகத்தில் எடுத்த நாவலைப் பிரிப்பார். ராணிமுத்து, மாலைமதி என்று நாவல் இதழ்கள். ரமணிசந்திரன் எழுதியது கிடைத்துவிட்டால் அன்றைக்குத் தீபாவளி. அந்த அரை மணியில் மாமா உள்ளேயிருந்து கூப்பிட்டால், 'இருங்க, வர்றேன்' என்று ஒரு குரல் கொடுப்பார், தலையைத் தூக்காமல். மற்ற நேரத்தில் அத்தை மாமாவிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

ஒரு தடவை கடைசித் தாள் கிழிந்த புத்தகம் வந்துவிட்டது. எனக்குப் பன்னிரண்டு வயது, துப்பறியும் கதைப் பித்து. நூலகத்துக்காரரோடு சண்டை போடப் போகிறேன் என்று கிளம்பினேன். அத்தை சிரித்தார். 'அதுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதாடா? சேர்ந்திருப்பாங்க.' சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், அங்கே ஒரு ஊரில் காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி 1984-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். கதையில் என்ன நடக்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், புத்தகத்தை விரித்து உட்கார்ந்துவிட்டால் அந்த நேரம் எனக்கு மட்டும் என்று அந்தப் பெண்கள் சொன்னார்களாம். புருஷன், பிள்ளை யாரும் அப்போது கூப்பிடக் கூடாது. அவர்களுக்குக் காஜா என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அத்தையின் 'இருங்க, வர்றேன்' அங்கேயும் கேட்கிறது.

எனவே, முடிவு முன்பே தெரிந்த கதை என்று யாராவது குறை சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். துரியோதனன் சாவான் என்று தெரிந்துதான் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். ஒரே அச்சில் வார்த்த ஆட்கள் என்பதும் அப்படித்தான். சங்க அகப்பாட்டில் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று ஒரு சில பேர்தான். யாருக்கும் பெயர்கூட வைக்கக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அந்த அச்சுக்குள்தான் குறுந்தொகையில் கூடலூர் கிழார் ஒரு புதுப் பெண்ணை அடுப்படியில் நிறுத்துகிறார். தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதே சேலையோடு நிற்கிறாள், தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைப் புருஷன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் கொஞ்சூண்டு மலர்கிறது. பாட்டு முடிந்தது. வில்லன் இல்லை, கண்ணீர் இல்லை. இதைவிட ஜாலியான காதல் கதை எது? ஆனால் அந்தத் தயிர்க் கை இல்லாவிட்டால் அதில் ஒன்றுமே இல்லை.

அண்ணனிடம் ஒன்று கேளுங்கள். ஒரே ஆள் நாற்பது பேரை அடித்துப் போடும் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்கு அவர் போவாரா, மாட்டாரா? அதில் மண்டை கெடவில்லை என்றால் உங்கள் பத்து நிமிடத்திலும் கெடாது. (நான் அகஸ்தியா தியேட்டரில் வரிசையில் நின்று விசில் அடித்தவன்தான். அதற்கு யாரும் என்னைக் குப்பை என்று சொன்னதில்லை.) நாவல் படித்தால் பெண் கெட்டுப்போவாள் என்ற பேச்சு, வை.மு.கோதைநாயகி 1925-ல் ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கிய காலத்திலேயே உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 115 நாவல் எழுதிவிட்டுப் போனார்.

சரி, இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி.

நான் படித்த பன்னிரண்டில் ஏழு கதைகளில் நாயகன் நாயகியின் கையை முறுக்குகிறான், அல்லது சுவரோடு சேர்த்து நிறுத்துகிறான், அல்லது அவளுக்குத் தெரியாமல் ஆள் வைத்துப் பின்தொடர்கிறான். இரண்டில் கட்டாயத் தாலி. ஒன்றில் கன்னத்தில் அறைந்துவிட்டு ராத்திரி அவனே ஐஸ் வைக்கிறான். அந்த அத்தியாயத்துக்குக் கீழே வரிசையாக இதயப் படங்கள். இவையெல்லாம் இருட்டான கதைகளாக எழுதப்பட்டிருந்தால் நான் இவ்வளவு சலித்துக்கொள்ள மாட்டேன். நடுவில் தோழி ஜோக் அடிக்கிறாள், பாட்டி கலாய்க்கிறாள், எல்லோரும் சிரிக்கிறார்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் பைக்கைச் சாய்த்துவிட்டுத் தினமும் உங்களையே பார்த்துக்கொண்டு, ஸ்டேஷன் வரை பின்னால் வருகிறவனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாப் பெண்களுக்கும் அப்படி ஒருவனைத் தெரியும். கதையில் அவனுக்கு ஆறடி உயரமும் சொந்தக் கம்பெனியும் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டையும் கழற்றிவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைக்க வேண்டிய ஆள். பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம், இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆம் பிரிவு.

நீங்கள் இதையெல்லாம் நம்புகிறீர்கள் என்று சொல்லவில்லை. கதை எது, கேட் எது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எழுதுகிறவருக்கும் தெரியும் என்பதுதான் என் கோபம். நாயகனுக்குக் கோபம் வந்தால் அதை அன்பு என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்வார், வேறு காரணம் தேட வேண்டாம் என்று கை அதுவாகவே எழுதிக்கொண்டு போகிறது.

அப்புறம் வேலை. நாயகி முதல் அத்தியாயத்தில் ஆர்க்கிடெக்ட், கோல்டு மெடல். ஏழாவது அத்தியாயத்துக்குப் பிறகு அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. சம்பளம் எவ்வளவு, யாருக்குக் கொடுக்கிறாள், இஎம்ஐ இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. லட்சுமி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி, நம் ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். படிப்புச் செலவுக்காகப் பத்திரிகைக்குக் கதை எழுதினார். குடும்பம், காதல், பிரிவு என்றுதான் எழுதினார். 1984-ல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. இன்றைக்குச் செயலியில் தொடர் எழுதும் பெண்களும் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எழுதி நாலு காசு பார்க்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கெல்லாம் வேலை இருக்கிறது, அவர்களுடைய நாயகிக்கு மட்டும் இல்லை.

ஊரும் இல்லை. நாயகன் வீடு ஈசிஆரில், போட் கிளப்பில், அதிகம் போனால் அண்ணா நகரில். பன்னிரண்டில் ஒரே ஒரு கதைதான் நம் வட சென்னைப் பக்கம் எட்டிப் பார்த்தது, அதுவும் நாயகியைக் கடத்திக்கொண்டுபோய் அடைத்து வைக்க ஒரு கோடவுன் வேண்டியிருந்ததால். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோ திறந்த தேதி 2021 பிப்ரவரி 14. காதலர் தினம்! அதற்குப் பிறகும் ஒரு நாயகனும் அதில் ஏறவில்லை, எல்லோரும் கறுப்புக் காரில்தான் வருகிறார்கள்.

நம் தெருவில் காதல் என்றால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ரூம் வீடு. போன் பேச மொட்டை மாடிக்குப் போனால் கீழ் வீட்டம்மா கருவாடு காய வைத்துக்கொண்டு, 'யாருமா போன்ல?' என்பார். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மனம் விட்டுப் பேசப் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை பெஞ்சுக்குப் போக வேண்டும். துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி போகிறதென்று கேட்டை மூடிவிட்டால், அவன் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம், நடுவில் கண்டெய்னர் கண்டெய்னராகப் போய்க்கொண்டே இருக்கும். இடுக்கில் ஒரு விநாடி முகம், மறுபடி கண்டெய்னர். இதில் இல்லாத சிரிப்பா? பையனைப் பற்றிச் சொன்னதும் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'அவங்க என்ன ஆளுங்க?' என்று கேட்பாரே, அந்தக் கேள்வி பன்னிரண்டு கதையில் ஒன்றில்கூட இல்லை. அவற்றில் தடை என்பது எப்போதும் ஒரு தப்பான புரிதல். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீரும். தினம் ஒரு அத்தியாயம் போட்டாக வேண்டும் என்பதால் அறுபது நாள் இரண்டு பேரையும் பேசவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

எல்லாமே இப்படியில்லை. பன்னிரண்டாவதாகப் படித்தது ஒரு ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவனும். அவன் மழையில் குடையைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போகிறான். மறுநாள் வந்து கேட்டால், 'ஒரு ராத்திரி வச்சிருந்ததுக்கு ரெண்டு ரூபா' என்கிறாள், சிரிக்காமல். அவன் சில்லறை இல்லை என்று ஐந்து ரூபாயைக் கொடுத்துவிட்டு மூன்று ரூபாய் பாக்கியை வாங்காமல் போகிறான், மறுபடி வர வேண்டுமே! அந்த மூன்று ரூபாய் நாலு அத்தியாயத்துக்கு வருகிறது. எழுத்துப் பிழை ஏராளம், ஒற்று என்றால் என்னவென்றே தெரியாத கை. ஆனாலும் தண்டையார்பேட்டையில் இறங்க வேண்டியவன் திருவொற்றியூர் தேரடி வரை போய்த் திரும்பி வந்தேன்.

அந்த மதிப்புரை வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பதினெட்டாம் அத்தியாயத்தில் அவள் அந்தக் குடையை வேறு யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டாள். பத்தொன்பதுக்குக் காசு கட்டு என்று செயலி பூட்டி வைத்திருக்கிறது. சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியும், அத்தை சொல்லிவிட்டார். குடை திரும்பி வந்ததா என்று தெரிந்தால் ஒரு கார்டு போடுங்கள்.