பித்தளைத் துணுக்குகளை எப்போது ஒட்டுவது?

கேள்வி: 1914-ல் சென்னையில் குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனின் 1/350 (நிஜ அளவில் 350-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஆரம்பித்திருக்கிறேன். கூடவே போட்டோ எட்ச் பித்தளைத் தகடும் (ரசாயனத்தால் அரித்து நுணுக்கமான பாகங்களாக்கிய மெல்லிய தகடு) வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடி என்கிறார் ஒரு நண்பர். பெயின்ட் முடிகிறவரை தகட்டைத் தொடாதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? – திருச்சி வாசகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கதவும் ஏணியும் ரெயிலிங்கும் ஒரே தகட்டில் வருகின்றன என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாகத்தையும் வெட்டி எடுக்கும் முன்பு இரண்டு விஷயம் பாருங்கள். இதை ஒட்டிவிட்டால் இதற்குப் பின்னால் பிரஷ்ஷும், நிறம் படக்கூடாத இடத்தை மூடும் மாஸ்கிங் டேப்பும் போகுமா? ஒட்டிய பிறகு அந்த இடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டி வருமா? பின்னால் போக வழி இருந்து, கையும் படாது என்றால் பெயின்டுக்கு முன்பே ஒட்டுங்கள். இல்லையென்றால் காத்திருங்கள்.

சுவரோடு ஒட்டிக் கிடக்கும் கதவு, தளத்தில் படுத்திருக்கும் மூடி, புகைபோக்கியின் வாயில் வரும் சட்டம், இதெல்லாம் முதல் வகை. சுற்றியிருக்கும் நிறம்தான் இவற்றுக்கும் நிறம். ப்ரைமருக்கு (நிறத்துக்கு அடியில் முதலில் அடிக்கும் பூச்சு) முன்பே ஒட்டிவிட்டால் பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இருக்கும் விளிம்பைப் பெயின்டே மூடிவிடும், பிறகு ஒட்டினால் அந்தக் கோடு தெரிந்துகொண்டே இருக்கும்.

ரெயிலிங் விஷயம் வேறு. தளத்துக்கு ஒரு நிறம், கப்பலின் பக்கச்சுவருக்கு வேறு நிறம், இரண்டும் சந்திக்கிற ஓரத்தில்தான் ரெயிலிங் நிற்கிறது. அதை முதலில் நட்டுவிட்டால் அதன் வழியாக டேப் ஒட்ட முடியாது, ஒட்டினாலும் உரிக்கும்போது ரெயிலிங்கும் சேர்ந்து வரும். இன்னொரு காரணமும் உண்டு. நிஜத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள ரெயிலிங் 1/350-ல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தகட்டின் கனம் 0.1 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் நிஜ அளவில் அது மூன்றரை சென்டிமீட்டர், அதாவது ஏற்கெனவே தடிமன்தான். அதன் மேல் ப்ரைமர், தளத்து நிறம், சுவர் நிறம், வார்னிஷ் என்று எல்லாம் ஏறினால் கம்பி போய்க் குழாய் ஆகிவிடும். அதனால் ரெயிலிங்கைத் தகட்டில் இருக்கும்போதே மெல்லிசாக ஒரு ப்ரைமர், ஒரு நிறம் அடித்துக் காயவைத்துவிட்டு, கப்பலின் பெயின்ட், டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்தும் படமும்) எல்லாம் முடிந்த பிறகு நடுங்கள். வெட்டிய முனைகளில் பித்தளை பளபளக்கும், அதை நுனி பிரஷ்ஷால் தொட்டுவிட்டால் போதும்.

நீங்கள் செய்வது எம்டன் என்பதால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். எந்த எம்டன்? சமாதான காலத்தில் சீனக் கடற்கரையில் இருந்தபோது வெள்ளை உடல், மேல்கட்டுமானத்துக்கும் புகைபோக்கிக்கும் மஞ்சள் கலந்த பழுப்பு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது சாம்பல் நிறப் போர்க்கால எம்டன். சாம்பல் என்றால் வேலை பாதியாகக் குறையும், தளத்தைத் தவிர மேலே எல்லாம் ஒரே நிறம், அதனால் புகைபோக்கி ஏணியையும் தேடுவிளக்கு மேடையையும் தயங்காமல் முன்பே ஒட்டலாம். வெள்ளையும் பழுப்பும் என்றால் நிறம் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் நின்று யோசித்துத்தான் ஆக வேண்டும். ஆகவே கத்தியை எடுப்பதற்கு முன்பே நிறத்தை முடிவு செய்துவிடுங்கள், நான் இதைத்தான் முதல் வேலையாகச் சொல்வேன்.

எப்போது ஒட்டினாலும் சரி, ஒரு வேலை மட்டும் ப்ரைமருக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பித்தளைப் பாகம் உட்காரப்போகும் இடத்தில் பிளாஸ்டிக்கிலேயே தடிமனாக வார்த்திருக்கும் ஏணியையும் கதவையும் சீவி, தேய்த்துச் சமமாக்குவது, துளை போடுவது. ரெயிலிங்கையும் துண்டு துண்டாக இப்போதே அளந்து, பொருத்திப் பார்த்து, வளைத்து வைத்துவிடுங்கள். பெயின்ட் அடித்த கப்பலில் கத்தி வைப்பது கொடுமை.

கேள்வி: கப்பலுக்குச் சொல்லும் இந்த முறை டாங்குக்கும் விமானத்துக்கும் பொருந்துமா? – சேலம் வாசகர்

பதில்: அதே இரண்டு கேள்விதான், பதில் மட்டும் மாறும். டைகர் டாங்கின் பின்தளத்தில் காற்று போகும் வழிகளின் மேல் வரும் வலையைப் பெயின்டுக்கு முன்பே ஒட்டலாம், ஆனால் அதற்கும் முன்னால் அடியில் தெரியும் குழிக்குக் கறுப்பு அடித்துவிடுங்கள். விமானத்தில் காக்பிட் பாகங்களுக்கு வேறு வழியே இல்லை: உள்ளே நிறம் அடித்து, சீட் பெல்ட்டையும் கருவிப் பலகையையும் ஒட்டி, அப்புறம்தான் உடலின் இரண்டு பாதியையும் சேர்க்க முடியும். இரவுப் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 110-இன் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் ரேடார் ஆன்டெனாவைக் கடைசி நாள் வரை தொடாதீர்கள்.

கேள்வி: பெயின்டுக்குப் பிறகு ஒட்டினால் பாகம் பெயின்டோடு உரிந்து வந்துவிடுகிறது. சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கவும் செய்கிறது. – சென்னை வாசகர்

பதில்: பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது, பித்தளையை அது பிடிக்காது. சூப்பர் க்ளூ பிடிக்கும், ஆனால் பெயின்டின் மேல் வைத்தால் அது பெயின்டைத்தான் பிடித்துக்கொள்கிறது. பாகத்தின் கால் படும் புள்ளியில் மட்டும் கத்தி முனையால் பெயின்டைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். வெள்ளையாகப் பூப்பது க்ளூவின் ஆவி படிவதால். க்ளூ அதிகமானாலும், உங்கள் ஊர் மாதிரி காற்றில் ஈரம் அதிகம் இருந்தாலும் பூக்கும். தண்ணீர் மாதிரி ஓடும் க்ளூவை விட்டுவிட்டு ஜெல் வகையை வாங்கி, ஊசி முனையில் ஒரு பொட்டு எடுத்து வையுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள் (மின்விசிறி வேண்டாம், பாகம் பறந்துவிடும்).

எடையே இல்லாத ரெயிலிங்குக்கு ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையே போதும். மெதுவாகக் காய்வதால் நேராக நிறுத்திப் பார்க்க நேரம் கிடைக்கும், வழிந்ததை ஈர பிரஷ்ஷால் துடைக்கலாம். கண்ணாடி பாகங்களுக்குப் பக்கத்திலும் வெள்ளைப் பசையையே வையுங்கள், சூப்பர் க்ளூ ஆவி பட்டால் விமானத்தின் காக்பிட் மூடி மங்கிவிடும்.