சாவிக்காகப் போட்ட கையெழுத்து நஷ்டஈட்டைத் தடுக்குமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஊர் நாகர்கோவில் பக்கம். எங்கள் சபைப் போதகர் தலைமையில் 38 பேர் ஜோர்தான், இஸ்ரேல், எகிப்து என்று பத்து நாள் பரிசுத்த பூமி யாத்திரை போனோம். எனக்கும் மனைவிக்கும் தலைக்கு 1,28,000 ரூபாய். போதகர் சொன்னபடி அவருடைய சேமிப்புக் கணக்கில்தான் போட்டேன். ரசீது டிராவல்ஸ் பெயரில் வந்தது. முதல் நாள் காலை 6.30-க்கு அம்மானில் இறங்கினோம். பஸ் மதியம் 2 மணிக்குத்தான் வந்தது. நேபோ மலையும் மாதபா தேவாலயமும் பார்க்கவில்லை, நேரே ஹோட்டலுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும் சொன்ன ஹோட்டல் இல்லை. டிப்ஸ் என்று தலைக்கு 100 டாலர் வாங்கினார்கள். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ‘பயணத் திட்ட மாற்றத்துக்குச் சம்மதிக்கிறோம், இது தொடர்பாக எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டோம்’ என்ற ஆங்கிலத் தாளில் கையெழுத்து போட்ட பிறகே அறைச் சாவி தந்தார்கள். போதகரும் ‘போடுங்க, பிரச்சினை வேண்டாம்’ என்றார். வயதான காலத்தில் எங்களை அவமானப்படுத்திவிட்டார்கள். போதகர் மீது மோசடிப் புகாரும் டிராவல்ஸ் மீது 5 லட்சம் நஷ்டஈட்டு வழக்கும் போட வேண்டும். அந்தத் தாள் தடையாகுமா?

பதில்: வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தத் தாளில்தான். மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹோட்டல் மாறியதை விட்டுவிடுங்கள். பயணத் திட்டத்தில் ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று அநேகமாக இருக்கும். டிப்ஸ், கட்டணத்தில் சேராதவை என்ற பட்டியலில் இருந்தால் அதுவும் முடிந்தது. மோசடிப் புகாரை நினைக்கவே வேண்டாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவுக்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். மீதி ஒன்பது நாளும் கூட்டிப்போய்க் காட்டியவர்கள் மீது அது ஒட்டாது. கோபத்தில் சபை வாட்ஸ்அப் குழுவில் போதகரைத் திருடன் என்று எழுதினால், 356-வது பிரிவில் அவதூறு வழக்கை நீங்கள்தான் சந்திக்க வேண்டிவரும்.

மிஞ்சுவது முதல் நாள். நேபோவும் மாதபாவும் காசு கொடுத்து வாங்கிய சேவை. பிரசங்கத்தில் கேட்ட மலையில் ஏறி நின்று பார்க்கத்தான் போனீர்கள், அந்த ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. மாதபா தேவாலயத் தரையில் இருக்கிற ஆறாம் நூற்றாண்டு வரைபடத்தைப் பார்க்க இன்னொரு முறை போய்வர இந்த வயதில் எல்லோராலும் முடியாது. ஆனால் நுகர்வோர் ஆணையம் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த நாள் யாரால் போனது? விமானம் தாமதம் என்றால் அது விமான நிறுவனத்தின் கணக்கு. விமானம் நேரத்துக்கு இறங்கி, பஸ் வரவில்லை என்றால் சேவைக் குறைபாடு, அது டிராவல்ஸ் தலையில்தான். குடியேற்றச் சோதனையில் 38 பேர் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது என்று அவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். 8 மணியிலிருந்து 2 மணி வரைக்கும் அவர்களிடம் பதில் இருக்காது. மாதபா அந்த விமான நிலையத்திலிருந்து பக்கம்தான், நேபோ மாதபாவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்.

இனி அந்தத் தாள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 63-வது பிரிவின்படி, தனக்குச் சேர வேண்டியதை வேண்டாம் என்று ஒருவர் விட்டுக்கொடுக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். உங்களுக்கு உதவுவது 1999-ல் வந்த யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் அஜ்மேர் சிங் காட்டன் மில்ஸ் தீர்ப்பு. முழுத் தீர்வு என்று எழுதிக் கொடுத்த காகிதமே நுகர்வோரின் உரிமையை அடைத்துவிடாது என்றது உச்ச நீதிமன்றம். கூடவே, கட்டாயம், ஏமாற்று, தகாத செல்வாக்கு இவற்றில் ஏதோ ஒன்று இருந்ததைக் கையெழுத்து போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. பலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள்.

‘ஆங்கிலம் புரியவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். தலைமை ஆசிரியராக இருந்தவர் சொன்னால் எடுபடாது, மற்றதையும் சேர்த்துக் கெடுக்கும். உங்கள் நியாயம் வேறு: அந்நிய நாடு, கையில் பாஸ்போர்ட் இல்லை, கையெழுத்து போட்டால்தான் சாவி. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தது தனிக் குற்றச்சாட்டாக நிற்காது. எல்லையில் குழுவாகக் கடக்க அது வழக்கம். ஆனால் மறுத்துவிட்டு வெளியேற உங்களுக்கு வழியில்லை என்பதைக் காட்ட அதே உண்மை உதவும். அதோடு, சபை மக்கள் மீது போதகருக்கு இருக்கிற செல்வாக்கு, ஒப்பந்தச் சட்டம் 16-வது பிரிவு பேசும் விஷயம். இதைச் சொன்னால் போதகரை உள்ளே இழுக்காமல் முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் அவர் கணக்கில் போயிருப்பதால் எப்படியும் அவரை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ‘இவரிடமிருந்து எங்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை’ என்று டிராவல்ஸ் கைகழுவும்.

அந்தத் தாளை ‘நியாயமற்ற ஒப்பந்தம், ரத்து செய்யுங்கள்’ என்று மாவட்ட ஆணையத்தில் கேட்டுவிடாதீர்கள். அந்த அதிகாரம் மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்குகிறது. ‘சுதந்திரமான சம்மதம் இல்லை, ஆகவே என்னைக் கட்டுப்படுத்தாது’ என்று மட்டும் வாதியுங்கள்.

இப்படிப்பட்ட வழக்குகளை உண்மையில் கவிழ்ப்பது அந்தத் தாளைவிட அதற்குப் பிறகு நீங்கள் நடந்துகொண்ட விதம். கடைசி நாள் கெய்ரோ விமான நிலையத்தில் ஒவ்வொருவராக நிறுத்தி செல்போனில் சாட்சி எடுப்பார்கள். ‘கர்த்தர் நல்லபடியா நடத்தினார், ஒரு குறையும் இல்லை, டிராவல்ஸுக்கு நன்றி’ என்று பக்தியில் சொல்லிவிடுவீர்கள். அந்த நாற்பது விநாடி வீடியோ பதிலுரையோடு பென்டிரைவில் வந்து நிற்கும். குழுவில் நீங்கள் போட்ட கைகூப்பும் படங்களும் பிரிண்ட் எடுத்து வரும். முதல் நாள் கட்டாயப்படுத்தப்பட்டவர் பத்தாம் நாள் ஏன் நன்றி சொன்னார் என்று ஆணைய உறுப்பினர் கேட்பார். ஊர் திரும்பி நாலு மாதம் சும்மா இருந்துவிட்டு நோட்டீஸ் அனுப்பினால், பிறகு யோசித்துச் சொன்ன கதை என்று எழுதிவிடுவார்கள்.

அதனால் முதலில் தேட வேண்டியது அந்த முதல் நாளைத்தான். மகனுக்கோ மகளுக்கோ ‘கையெழுத்து போட்டாத்தான் சாவின்னுட்டான்’ என்று ஒரு வரி, ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறீர்களா? இருந்தால் அதுதான் உங்கள் வழக்கு. இரண்டு போனிலும் அழிக்காமல் வையுங்கள், தானாக மறையும் செய்தி வசதியை அணைத்துவிடுங்கள். விமான நிலைய வாசலில் பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கும் படத்தின் அசல் உங்கள் கேலரியில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போய் வந்த படத்தில் எடுத்த நேரம் ஒட்டியிருக்காது. ஜோர்தான் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். போன் இந்திய நேரத்திலேயே ஓடியிருந்தால் 2 மணிக்கு வந்த பஸ் படத்தில் 4.30 என்று காட்டும். பிரமாண வாக்குமூலத்தில் இதை நீங்களே முந்திக்கொண்டு விளக்காவிட்டால் குறுக்கு விசாரணையில் அவர்கள் விளக்கம் கேட்பார்கள். சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-வது பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுகளுக்கான சான்றையும் இணையுங்கள்.

அப்படி எதுவும் இல்லை, நன்றி வீடியோவும் இருக்கிறது என்றால், பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஆதாரம் இருந்தாலும் என் யோசனை பெரும்பாலும் அதுதான். பத்தில் ஒரு நாள் என்றால் இருவருக்கும் 25,600 ரூபாய். அதிலும் விமானக் கட்டணத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடச் சொல்வார்கள். மன உளைச்சல், செலவு என்று ஆணையம் மேலே கொஞ்சம் போடலாம், 5 லட்சம் போடாது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை, உங்கள் மாவட்டத்திலேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-வது பிரிவின்படி தாக்கல் செய்யலாம். ஆனால் சாட்சிக்கு வர வேண்டியவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் அதே போதகரின் முன்னால் உட்காருகிறவர்கள். இன்று தோளில் கைபோட்டு ‘நாங்க இருக்கோம்’ என்கிறவர்கள் அன்று வரமாட்டார்கள்.

25,000-க்கு மேல் எது கிடைத்தாலும் வாங்குங்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகுதான் கையெழுத்து, அதுவும் ‘முதல் நாள் நிகழ்ச்சிகள் நடக்காததற்கு மட்டும்’ என்ற வரியோடு. பேச்சு நடக்கிறது, நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை என்பதெல்லாம் கெடுவை நீட்டிக்காது. பஸ் வராத அந்தத் தேதியிலிருந்து இரண்டு வருடம் என்று எண்ணி, அதற்கு மூன்று மாதம் முன்பாக மனுவைத் தாக்கல் செய்துவிட்டு, பேச்சைத் தொடருங்கள். ஆணையத்தின் மூலமே சமரசத்துக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 37-வது பிரிவு இருக்கிறது.