சான்றிதழ் வேண்டாம், சிட்டையைக் கேளுங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் எம்.பி.ஏ. முதலாண்டு முடிக்கப் போகிறேன். படித்து முடித்ததும் தொழில்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் கம்பெனியில் சேர ஆசை. எங்கே கேட்டாலும் அனுபவம் உண்டா என்கிறார்கள். 8,500 ரூபாய் கட்டினால் எட்டு வாரத்தில் ‘கன்சல்டிங் இன்டர்ன்ஷிப்’ சான்றிதழ் தருவதாக ஓர் ஏஜென்சி போன் செய்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாமாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். சம்பளம் இல்லாமல் இன்டர்ன்ஷிப் செய்வது சகஜம்தான். ஆனால் வேலை பார்க்க நாமே காசு கொடுப்பது எந்த ஊர் நியாயம்? வாட்ஸ்அப் குழுவில் நாலு வீடியோ போடுவார்கள். கடைசியில் தங்கக் கலர் முத்திரையோடு ஒரு பிடிஎஃப் வரும். எல்லாருக்கும் அதே பிடிஎஃப், பெயர்தான் வேறே. அதிலுள்ள கியூஆர் கோடைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். ஸ்கேன் செய்தால் அந்த ஏஜென்சியின் வலைத்தளம்தான் திறக்கும். அவர்களுக்கு அவர்களே சாட்சி. சில கல்லூரிகளுக்கு உள்ளேயே இதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறார்கள், தலைக்கு இவ்வளவு என்று.

நேர்காணலில் கேட்பது வேறு. என்ன பிரச்சினை, எந்தக் கணக்கைப் பார்த்தீர்கள், நீங்கள் சொன்னதை முதலாளி செய்தாரா? மூன்றாவது கேள்வியில்தான் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

ஆகவே உங்களுக்குத் தேவை ஒரே ஒரு முதலாளி. பத்தமடையில் பாய், வீரவநல்லூரில் தறி, கங்கைகொண்டான் சிப்காட்டில் கம்பெனிகள் என்று நம் பக்கம் தொழிலுக்குப் பஞ்சமில்லை. தெரிந்த ஆடிட்டர் யாராவது இருந்தால் அவரிடம் போய்க் கேளுங்கள். எந்த முதலாளிக்கு எங்கே கை கடிக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனிக்குப் போனாள். முதல் வாரம் பலம், பலவீனம் என்று கட்டம் போட்டு எழுதிக் காட்டினாள். கம்பெனியை நடத்தும் அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இருக்கட்டும் தாயி, உளுந்துக்காரருக்குச் சனிக்கிழமை பணம் கொடுக்கணும், அதுக்கு வழி சொல்லு” என்றார். அப்புறம்தான் அவள் சிட்டையை, அதாவது அன்றாட வரவு செலவு எழுதும் நோட்டை, கேட்டு வாங்கினாள். உளுந்து ரொக்கத்துக்கு வருகிறது, அப்பளம் கடனுக்குப் போகிறது. நாலு கடைக்காரர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தடிக்கிறார்கள். அதில் ஒருவர் சொந்தக்காரர் வேறு! பழைய பாக்கி வராமல் புதுச் சரக்கு இல்லை என்று மூன்று கடைகளுக்குச் சொன்னார்கள். சொந்தக்காரரை மட்டும் அந்த அம்மா விட்டுவிட்டார். அதையும் மறைக்காமல் அப்படியே நேர்காணலில் சொல்லச் சொன்னேன்.

சொந்தக் கடையில் செய்தால் ஆகுமா என்று பலர் கேட்பார்கள். ஆகாது. அப்பா கடையில் பிள்ளை சொன்னதை அப்பா கேட்டார் என்றால் யார் மதிப்பார்கள்? ஒரு விதிவிலக்கு உண்டு. கல்லூரி வழிகாட்டி நேரில் வந்து கணக்கைப் பார்க்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே பிரச்சினையை எழுதி அவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். முடிவில் மாற்றத்தைச் சரிபார்ப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும்; ஆடிட்டர் என்றால் நல்லது, சித்தப்பா என்றால் கூடாது. இத்தனையும் இருந்தால் சொந்தக் கடையும் சரிதான்.

பெரிய கம்பெனிகளில் இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் மத்திய அரசின் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 2024-ல் அதைத் தொடங்கியபோது முழுநேரம் படிப்பவர்களுக்கும் எம்.பி.ஏ. முடித்தவர்களுக்கும் இடமில்லை என்று விதி இருந்தது; இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளும் லேசில்லை. கோடை விடுமுறையில் ப்ராஜெக்ட் செய் என்கிறார்கள். அப்பளம் காயாமல் தவிப்பதோ ஐப்பசி, கார்த்திகை மழையில். அப்போது மாணவர் வகுப்பில் வருகைப்பதிவுக்காக உட்கார்ந்திருக்கிறார். ரிப்போர்ட்டில் எத்தனை பக்கம், பைண்டிங் என்ன கலர் என்று பார்க்கிறார்கள், உள்ளே யாரும் படிப்பதில்லை. அது தனியே கிடக்கட்டும். முதலாளிக்கு இரண்டே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். வெளியே காட்டுவதானால் அவரிடம் கேட்டுக்கொண்டு, கடைப் பெயர்களை எடுத்துவிடுங்கள்.

அந்த ஏஜென்சி மறுபடி போன் செய்தால், “நான் ஆலோசனை சொல்லப் போகும் முதலாளியின் நம்பரைக் கொடுங்கள், பேசிவிட்டுப் பணம் கட்டுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள்.