மார்பகத்தில் தொடங்கி வயிற்றில் தெரியும் நோய்: வாசகர் கேள்விகளுக்குப் புற்றுநோய் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் அக்காவுக்கு 2014-இல் இடது மார்பகத்தில் லோபுலர் வகைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, ஐந்தாண்டுகள் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டார். சென்ற ஆண்டு முதல் நான்கு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்கிறார், எடையும் குறைகிறது. முதலில் செய்த எண்டோஸ்கோபியில் புண் எதுவும் இல்லை, பயாப்ஸியும் சரியாக இருக்கிறது என்றார்கள். வேறோர் இடத்தில் மீண்டும் பார்த்தபோது இரைப்பைச் சுவர் தடித்திருக்கிறது, புற்றுநோய்ச் செல்கள் இருக்கின்றன, இரைப்பையை அகற்ற வேண்டும் என்கிறார்கள். பழைய மார்பக நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: இருக்கலாம். முன்பு வந்தது லோபுலர் வகை என்று தெரிந்திருப்பதால், இரைப்பையில் இருப்பது புதிய நோயா, பழைய நோயின் பரவலா என்பதைத் தீர்மானித்த பிறகே அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்.

ஊடுருவும் மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை, பால் நாளங்களின் பெயரால் அழைக்கப்படும் டக்டல் வகையைச் சேர்ந்தவை. 10 முதல் 15 விழுக்காடு, பால் சுரக்கும் நுண்மடல்களின் பெயரால் அழைக்கப்படும் லோபுலர் வகை. நம் உடலின் திசுக்களில் அடுத்தடுத்த செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் ஈ-கேடரின் என்ற புரதம் லோபுலர் வகையின் செல்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் இவை திரண்டு கட்டியாகாமல், தனித்தனியாகப் பிரிந்து, திசுக்களின் இடுக்குகளில் ஒற்றை வரிசையாக ஊர்ந்து செல்கின்றன. மார்பகத்திலேயே கைக்குத் தட்டுப்படாமலும் மேமோகிராமில் தெளிவாகத் தெரியாமலும் இவை வளர்வதற்கும், பரவிய இடத்திலும் கட்டியாகத் தெரியாமல் சுவர் தடிப்பாக மட்டும் வெளிப்படுவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

மார்பகப் புற்றுநோய் எலும்பு, கல்லீரல், நுரையீரல், மூளை ஆகியவற்றுக்குப் பரவும் என்பதைப் பலரும் அறிவார்கள். லோபுலர் வகையும் எலும்புக்கே அதிகமாகச் செல்கிறது. ஆனால் டக்டல் வகையோடு ஒப்பிட்டால் இது நுரையீரலுக்குக் குறைவாகவும், இரைப்பை, குடல், வயிற்றின் உள்ளுறை, சினைப்பை, கருப்பை, மூளையைச் சுற்றிய உறை ஆகியவற்றுக்கு அதிகமாகவும் செல்கிறது. வயிற்றின் பின்புறத் திசுக்களில் படர்ந்து சிறுநீர்க் குழாயை நெருக்கி, வலியே இல்லாமல் சிறுநீரகத்தை வீங்க வைப்பதும் உண்டு. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, இந்நோய் சில உறுப்புகளையே நாடிச் செல்வது தற்செயலாக இருக்க முடியாது என்றும், விதை எங்கும் விழுந்தாலும் தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றும் 1889-இல் எழுதினார். ரத்தமும் நிணநீரும் ஓடும் பாதையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று 1928-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் யூயிங் அதை மறுத்தார். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது என்பதே இன்றைய நிலை. ஆனாலும் ஒரே மார்பகத்திலிருந்து, ஒரே ரத்த ஓட்டத்தில் புறப்படும் இரண்டு வகை நோய்கள் இரண்டு விதமாகப் பரவுவதைப் பார்க்கும்போது எனக்குப் பேஜட்டின் பக்கமே சாயத் தோன்றுகிறது.

முதல் எண்டோஸ்கோபியில் எதுவும் அகப்படாததற்கு அதைச் செய்தவரைக் குறை கூற வேண்டியதில்லை. இச்செல்கள் இரைப்பையின் உட்சவ்வுக்குக் கீழே உள்ள அடுக்குகளில் பரவுவதால், மேற்பரப்பு வழுவழுப்பாகவும் இயல்பாகவும் தோன்றும். மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த திசுவில் நோய் சிக்காமல் போவது வழக்கமே. ஐயம் இருந்தால் ஆழமாகவும் பல இடங்களிலும் திசு எடுக்க வேண்டும்.

திசு கிடைத்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது, இரைப்பையிலேயே தோன்றி, கட்டியாகத் திரளாமல் சுவரில் சிதறிப் படரும் ‘டிஃப்யூஸ்’ வகைப் புற்றுநோயும் மார்பகத்திலிருந்து வந்த லோபுலர் நோயும் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கும். நோயாளியின் பழைய வரலாறு தெரியாத நோயியல் மருத்துவர் அதை இரைப்பைப் புற்றுநோய் என்று எழுதினால் வியப்பதற்கில்லை. வரலாறு தெரிந்தால், அதே திசுவில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்), காட்டா-3 போன்ற, மார்பகச் செல்களை அடையாளம் காட்டும் புரதங்களுக்கான இம்யூனோ சாயப் பரிசோதனைகளைச் செய்வார். அவை இருந்தால் மார்பகமே மூலம் என்பதற்கு வலுவான சான்றாகும். ஆகவே 2014-இல் அறுவை நடந்த மருத்துவமனையின் நோயியல் பிரிவுக்குச் சென்று, அன்று எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டுப் பெற்று, புதிய திசுவோடு சேர்த்து ஒரே மருத்துவரிடம் ஒப்பிடக் கொடுங்கள். நம் குடும்பங்களில் ஸ்கேன் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். நோயின் வகையும் ஏற்பிகளின் விவரமும் எழுதப்பட்ட பயாப்ஸி அறிக்கைதான் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். வீட்டில் திருமணத்துக்குப் பெண் இருக்கிறாள் என்பதற்காகப் பழைய புற்றுநோயைப் புதிய மருத்துவரிடம்கூடச் சொல்லாமல் மறைக்கும் வழக்கமும் இருக்கிறது. இந்த நோயில் அந்த மௌனம் தவறான அறுவைக்கே வழிவகுக்கக்கூடும்.

ஏனெனில், இது மார்பக நோயின் பரவல் என்று உறுதியானால் இரைப்பையை அகற்றுவது அந்நோயைக் குணப்படுத்தாது. கடும் ரத்தக்கசிவு, அடைப்பு, துளை போன்ற நெருக்கடிகளுக்கு மட்டுமே அறுவை தேவைப்படும். ஹார்மோன் ஏற்பி உள்ள நோய்க்கு லெட்ரோசோல், ஃபுல்வெஸ்ட்ரான்ட் போன்ற ஹார்மோன் மருந்துகளோடு செல்கள் பெருகுவதைத் தடுக்கும் பால்போசைக்ளிப், ரைபோசைக்ளிப் போன்ற மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பதே இன்று முதன்மையான சிகிச்சை. பழைய நோயில் இருந்த ஏற்பிகள் பரவிய இடத்தில் மாறியிருக்கலாம் என்பதால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையும் ஹெர்-2 புரதத்தையும் புதிய திசுவில் மறுபடியும் சோதிக்க வேண்டும். முற்றிலும் குணமாக்குவது இந்நிலையில் கடினம் என்பதை மறைப்பது நியாயமல்ல. பலருக்கு ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைக்க முடிகிறது என்பதும் உண்மை.

இதற்கு நேர்மாறான வாய்ப்பையும் மறக்கக் கூடாது. ஈ-கேடரினை உருவாக்கும் சிடிஎச்-1 மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோயும் லோபுலர் மார்பகப் புற்றுநோயும் தனித்தனியாகவே வரலாம். நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்த இரைப்பைப் புற்றுநோயை ஆராய்ந்தபோது, 1998-இல் இந்தத் தொடர்பு வெளிப்பட்டது. சாயப் பரிசோதனைகள் இரைப்பையே மூலம் என்று காட்டினால், உங்கள் அக்காவுக்கு மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அந்த முடிவு உங்களுக்கும் பொருந்தக்கூடியது.

இத்தனை ஆண்டுகள் கழித்தா என்று நீங்கள் மலைப்பது புரிகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள நோயில் ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சையை நோயின்றி முடித்த சுமார் 63,000 பெண்களைப் பற்றி, 88 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியானது. கட்டி சிறியதாகவும் அக்குள் நிணநீர்க் கணுக்கள் பாதிக்கப்படாமலும் இருந்தவர்களில்கூட, அடுத்த 15 ஆண்டுகளில் வேறு உறுப்புக்கு நோய் பரவும் வாய்ப்பு 13 விழுக்காடாக இருந்தது. கட்டி பெரிதாக இருந்து, 4 முதல் 9 கணுக்கள் பாதிக்கப்பட்டிருந்தவர்களில் அது 41 விழுக்காடு.

கேள்வி: லோபுலர் நோய்க்குச் சிகிச்சை பெற்ற என் தாயாருக்கு ரத்தசோகை தீரவே இல்லை. பெட் ஸ்கேன் இயல்பு என்று வந்துவிட்டதால் நிம்மதியாக இருக்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு, மூலநோயில் கசியும் ரத்தம் என எளிய காரணங்களே பெரும்பாலும் இருக்கும், அவற்றை முதலில் பாருங்கள். அவை எதுவும் இல்லாமல், இரும்பு மாத்திரைக்கும் மசியாமல், வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்து குறைந்தால், பெட் ஸ்கேனை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். வழக்கமான பெட் ஸ்கேன், குளுக்கோஸை வேகமாக உறிஞ்சும் செல்களையே ஒளிரச் செய்து காட்டுகிறது. லோபுலர் செல்கள் மெதுவாக வளர்ந்து, சிதறலாகப் பரவுவதால், பல வேளைகளில் அதில் மங்கலாகவே தெரியும். எலும்பு மஜ்ஜை முழுவதும் நோய் ஊடுருவியிருந்தும் ஸ்கேன் அறிக்கை இயல்பாக வருவது உண்டு. ரத்தப் படல ஸ்லைடில் முதிராத செல்கள் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் அடுத்த படி எலும்பு மஜ்ஜை பயாப்ஸி. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையே தேடிச் சென்று ஒட்டும் மருந்தைப் பயன்படுத்தும் பெட் ஸ்கேனுக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்தது. லோபுலர் நோயில் அது பயன்படும்.

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற என் மனைவிக்குக் கீழுதட்டின் ஒரு பாதியும் மோவாயும் ஒரு மாதமாக மரத்துப்போயிருக்கின்றன. பல் மருத்துவர் பற்களில் குறையில்லை என்கிறார். சத்து மாத்திரை சாப்பிட்டால் போதுமா?
— வாசகர், காரைக்கால்

பதில்: போதாது. இந்த வாரமே புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். பல் சிகிச்சையோ அடிபட்டதோ இல்லாமல் மோவாயின் ஒரு பக்கம் மரத்துப்போவது சிறிய தொல்லையாகத் தோன்றினாலும், கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பையோ, மண்டையோட்டின் அடித்தளத்தையோ, மூளை உறையையோ நோய் தொட்டிருப்பதன் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும். பெரியவர்களில் இந்த அறிகுறியை உண்டாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் முன்னணியில் நிற்கின்றன. தாடைக்கு சிடி ஸ்கேனும், மூளைக்கும் மண்டையோட்டு அடித்தளத்துக்கும் நிறமருந்து செலுத்தி எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவைப்படும். மூளை உறையில் ஐயம் எழுந்தால் முதுகுத்தண்டு நீரையும் எடுத்துச் சோதிப்பார்கள்.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணுக்குப் பின்னால் கட்டி வந்தால் கண் பிதுங்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. மார்பகப் புற்றுநோயில் சிலருக்குக் கண் உள்ளே குழிந்துபோகிறது. கண்குழியில் பரவிய செல்கள் நார்த்திசுவை உண்டாக்கி, அது சுருங்கிக் கண்ணைப் பின்னோக்கி இழுப்பதே காரணம். வயதானதால் கண் உள்வாங்கிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் குழிந்தால் அது முதுமை அல்ல.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரையான டமாக்ஸிபென் சாப்பிடும் எனக்கு மாதவிடாய் நின்ற பிறகு மறுபடியும் ரத்தக்கசிவு. மாத்திரையால்தான் என்று தோழி சொல்கிறார்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாத்திரையால் கருப்பையின் உட்சவ்வு தடித்து, கசிவு வருவது உண்டு, ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது தோழியல்ல, திசுப் பரிசோதனை. டமாக்ஸிபென் கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பைச் சற்றே கூட்டுகிறது. மார்பக நோய் கருப்பைக்கோ சினைப்பைக்கோ பரவுவதும், அரிதாக, உண்டு. மகப்பேறு மருத்துவரிடம் சென்று ஸ்கேனும் உட்சவ்வு பயாப்ஸியும் செய்துகொள்ளுங்கள். அதுவரை நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: இப்படியெல்லாம் எங்கும் பரவக்கூடிய நோய் என்றால், ஆண்டுதோறும் உடல் முழுவதும் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லதல்லவா?
— வாசகி, மதுரை

பதில்: அப்படித்தான் தோன்றும். இத்தாலியில் இந்தக் கேள்வியையே முன்வைத்து நடத்தப்பட்ட இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 1994-இல் வெளியாயின. ஒரு பிரிவுப் பெண்களுக்கு மார்பு எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன் போன்றவற்றைக் குறித்த இடைவெளிகளில் எடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு மருத்துவரின் நேரடிப் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டுமே. இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு தெரியவில்லை. அன்றைய கருவிகளும் மருந்துகளும் வேறு என்பதால், புதிய ஆய்வுகள் நாளை இந்த முடிவை மாற்றக்கூடும். எனினும் அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமாக ஸ்கேனோ, சிஏ 15-3 போன்ற, புற்றுநோய்க் குறியீட்டுக்கான ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை என்பதே இன்றும் மருத்துவ வழிகாட்டுதல். இயல்பான ஸ்கேன் லோபுலர் நோயில் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை ஈரோட்டு வாசகருக்குச் சொன்ன பதிலில் பார்த்திருப்பீர்கள். அறிகுறியைப் புறக்கணிக்க அத்தகைய அறிக்கையே காரணமாகிவிடுவதும் உண்டு.

அறிகுறி வந்துவிட்டால் கணக்கே வேறு. சில வாரங்கள் தாண்டியும் தீராத வயிற்று உப்புசம், காரணமின்றிக் குறையும் எடை, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி, புதிதாகத் தொடங்கிய தலைவலி அல்லது இரட்டைப் பார்வை, அறுவைத் தழும்பைச் சுற்றிக் கனத்துச் சிவக்கும் தோல் ஆகியவற்றில் எது வந்தாலும், சிகிச்சை முடிந்து எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், பழைய நோயின் வகையைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போது எந்த ஸ்கேனையும் கேட்பதில் தவறில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் மட்டும், இரு மார்பகங்களும் அகற்றப்படாத எல்லோருக்கும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேவை.