இரு குறை எண்களும் ஒரு வர்க்கமூலக்குறியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், கலப்பு எண்கள் பாடத்தில் நடந்த வகுப்புத் தேர்வில் √−4 × √−9 = √36 = 6 என்று எழுதியிருந்தாள். விடை −6 என்று திருத்தி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். நான் கணக்குப்பதிவியல் படித்தவள். தவறு எங்கே என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. இரண்டு வர்க்கமூலங்களைப் பெருக்கும்போது உள்ளே இருக்கும் எண்களைப் பெருக்கி ஒரே மூலக்குறிக்குள் எழுதலாம் என்பது ஒன்பதாம் வகுப்பிலேயே படித்த விதிதானே? −6 என்பதற்குக் காரணம் உண்டா, அல்லது கணிதக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடா? மேலும், இல்லாத எண்ணுக்குக் 'கற்பனை எண்' என்று பெயர் வைத்து, தீர்வே இல்லாத சமன்பாட்டுக்குத் தீர்வு கண்டதாகச் சொல்வதில் என்ன பயன்?

ர., திருச்சி

அன்புள்ள ர. அவர்களுக்கு,

உங்கள் மகள் பயன்படுத்திய விதி சரியானது. அந்த விதியோடு ஒரு நிபந்தனையும் உண்டு. அதைத்தான் அவர் ஒன்பதாம் வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

√9 என்பதற்கு, வர்க்கம் 9 ஆக அமையும் குறையல்லாத எண் என்று பொருள்; −3இன் வர்க்கமும் 9 ஆக இருந்தும் √9 = 3 என்று மட்டும் எழுதுவது அதனால்தான். இனி √4 × √9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை வர்க்கப்படுத்தினால் 36 கிடைக்கிறது. வர்க்கம் 36 ஆகும் எண்கள் 6, −6 என இரண்டு இருக்க, 6ஐத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நமக்குத் தருவது, குறையல்லாத இரு எண்களின் பெருக்கல்பலன் குறை எண் ஆகாது என்னும் ஒரே காரணம். √−4, √−9 ஆகியவை மிகையும் அல்ல, குறையும் அல்ல. மெய்யெண் கோட்டில் அவற்றுக்கு இடமே இல்லை. எனவே அந்தக் காரணம் இங்கே செல்லாது. வர்க்கம் 36 என்பது வரை உங்கள் மகளின் வழி சரியே. 6ஆ, −6ஆ என்று முடிவு செய்யும் இடத்தில்தான் கையில் இல்லாத ஒரு காரணத்தை நம்பி 6 என்று எழுதிவிட்டார். √−4ஐ 2√−1 என்றும் √−9ஐ 3√−1 என்றும் முதலில் பிரித்து எழுதியிருந்தால், √−1 × √−1 = −1 என்பதால் −6 தானாகவே வந்திருக்கும்.

இது ஏற்பாடா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தாலிய மருத்துவர் ஜிரோலாமோ கார்டானோ 1545இல் வெளியிட்ட 'ஆர்ஸ் மாக்னா' என்னும் நூலில், 10ஐ இரண்டு பாகமாகப் பிரித்து அவற்றின் பெருக்கல்பலன் 40 ஆகும்படி செய்யச் சொல்லும் கணக்கு ஒன்று வருகிறது. சரிபாதியாகப் பிரித்தாலே 25தான் கிடைக்கும், வேறு எப்படிப் பிரித்தாலும் அதற்கும் குறைவு என்பதால் இது நடவாத காரியம். கார்டானோவும் அப்படித்தான் சொல்கிறார். சொல்லிவிட்டு, இருபடிச் சமன்பாட்டின் வழியிலேயே மேலும் நடந்து, 5 + √−15, 5 − √−15 என்ற இரண்டை எடுத்து வைக்கிறார். கூட்டினால் 10 வருகிறது. பெருக்குவதற்கு, 25இலிருந்து √−15 × √−15ஐக் கழிக்க வேண்டும். உங்கள் மகளின் முறைப்படி அது √225, அதாவது 15. விடை 10 ஆகிவிடும். அதை −15 என்று கொண்டால் மட்டுமே 40 கிடைக்கும். தன்னைத் தானே பெருக்கினால் உள்ளிருக்கும் எண்ணைத் திருப்பித் தருவதுதான் வர்க்கமூலம் என்பதால், √−15 திருப்பித் தர வேண்டியது −15ஐயே. இதில் யாருடைய விருப்பத்துக்கும் இடமில்லை.

இரு எண்களில் ஒன்று மட்டும் குறையாக இருந்தால் பழைய விதி கெடுவதில்லை: √−4 × √9, √−36 இரண்டுமே 6√−1தான். இரண்டும் குறையாக இருக்கும்போதுதான் கெடுகிறது. வகுத்தலில் கதை வேறு: √−4 ÷ √−9 = 2/3 என்று சரியாகவே வரும்; மேலே மிகையும் கீழே குறையுமாக √4 ÷ √−9 என்று வந்தால் குறி மாறிவிடும். இத்தனையையும் மனப்பாடம் செய்வதைவிட, மூலக்குறிக்குள் குறை எண்ணைக் கண்டதும் √−1ஐ வெளியே எடுத்துவிடுவது எளிது.

நிபந்தனை கழன்றுபோகும் இந்தச் சிக்கல் கலப்பு எண்களோடு தொடங்கியதும் அல்ல. பத்தாம் வகுப்பின் விகிதமுறு கோவைகளில், அ² − 9ஐ அ − 3 ஆல் வகுத்து அ + 3 என்று சுருக்குகிறோம்; அ = 3 ஆகும்போது முதல் கோவைக்கு மதிப்பே இல்லை என்பதைச் சுருக்கிய வடிவம் காட்டுவதில்லை. அ/(அ − 3) = 3/(அ − 3) + 2 என்ற சமன்பாட்டை இருபுறமும் அ − 3 ஆல் பெருக்கித் தீர்த்தால் அ = 3 என்று அழகாக ஒரு விடை வரும். அதுதான் விலக்கப்பட்ட மதிப்பு; சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. √(அ + 2) = அ என்பதை வர்க்கப்படுத்தினால் 2, −1 என இரு விடைகள் வரும்; −1ஐ இட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 1 நிற்கும். விடையை முதல் வரியில் திரும்ப இட்டுப் பார்க்கும் பழக்கத்தை எந்தப் பாடநூலும் வலியுறுத்துகிறது. மாணவர்கள் அதை அலங்காரமாக நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். என் பள்ளி நாள்களில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி பழமையானது. குறை எண் எதற்கும் வர்க்கமாகாது, ஆகவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் மகாவீரர் தமது 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலில் எழுதிவிட்டார். மெய்யெண்களுக்குள் நின்று சொல்லும்வரை அது முற்றிலும் சரி. கார்டானோவும் தம் விடையை நுட்பமானது, ஆனால் பயனற்றது என்று ஒதுக்கினார். தீர்வில்லாத இருபடிச் சமன்பாட்டுக்குத் தீர்வு காட்டுவது மட்டுமே வேலை என்றால், இந்த எண்களை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அவற்றைத் தவிர்க்க முடியாமல் செய்தவை, தீர்வுள்ள முப்படிச் சமன்பாடுகள்.

அ³ = 15அ + 4 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அ = 4 பொருந்துகிறது: 64 = 60 + 4. மற்ற இரண்டு தீர்வுகளான −2 + √3, −2 − √3 என்பவையும் மெய்யெண்களே. ஆனால் கார்டானோவின் நூலில் உள்ள சூத்திரத்தில் இதை இட்டால், 2 + √−121இன் கனமூலத்தையும் 2 − √−121இன் கனமூலத்தையும் கூட்டச் சொல்கிறது. கண்முன்னே 4 நிற்கிறது. சூத்திரமோ இல்லாத எண்ணைக் காட்டுகிறது. சதுப்பு நிலங்களை வடிக்கும் பணியில் இருந்த பொறியாளரான ரஃபேல் பொம்பெல்லி, 1572இல் வெளியான தம் இயற்கணித நூலில் இதை அவிழ்த்தார். 2 + √−1இன் கனம் காணுங்கள்: 8 + 12√−1 − 6 − √−1, அதாவது 2 + 11√−1, √−121 என்பது 11√−1தான். ஆகவே கனமூலங்கள் 2 + √−1, 2 − √−1, கூட்டினால் 4. நடுவில் −6 வந்த இடத்தைக் கவனியுங்கள். அங்கே √−1 × √−1ஐ 1 என்று கொண்டால் 4ஐ அடையவே முடியாது.

இது சூத்திரத்தின் குறையாக இருக்கலாம், வேறு சூத்திரம் கண்டால் போதும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். பலரும் நெடுங்காலம் அப்படித் தேடினார்கள். அ³ = 3அ + 1 போன்ற சமன்பாடுகளின் மூன்று தீர்வுகளும் மெய்யெண்களாகவே இருந்தும், மெய்யெண்களின் மூலக்குறிகளை மட்டும் கொண்டு அவற்றை எழுத முடியாது என்று 19ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டதும் அந்தத் தேடலுக்கு வழியில்லாமற்போனது. 'கற்பனை' என்ற பெயர் 1637இல் பிரெஞ்சுத் தத்துவ, கணித அறிஞர் தெக்கார்த் வழங்கியது. பொருத்தமற்ற பெயர் என்பது என் கருத்து, ஆனால் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மதிப்பெண்ணைக் குறைத்தது நியாயமே. ஆனால் உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள்: 18ஆம் நூற்றாண்டின் பெரும் கணித அறிஞரான ஆய்லர் தமது இயற்கணித நூலில் √−2 × √−3 = √6 என்றே எழுதியிருக்கிறார். மூலக்குறிக்கு மிகை, குறை ஆகிய இரு மதிப்புகளையும் அவர் கருதினார், ஆகவே அது பிழையன்று என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஒரு மூலக்குறிக்கு ஒரே மதிப்பு என்று வைத்திருக்கும் நம் பாடநூலின்படி எழுதும் தேர்வில் அந்த வாதம் எடுபடாது.