இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் கைக்கடிகாரம் ஏன் அவ்வளவு பெரியது?

'பே-ஊர்' (B-Uhr) எனப்படும் அந்தக் கடிகாரத்தின் குறுக்களவு 55 மில்லிமீட்டர். உள்ளே பெரும்பாலும் பாக்கெட் கடிகார இயந்திரம்தான். கடிகாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஊசலாடும் சமநிலைச் சக்கரம் பெரிதாக இருந்தால் நேரத்தைச் சீராகக் காட்டும் என்பதே காரணம்.

இது விமானத்தின் வழியைக் கணிக்கும் நேவிகேட்டருக்கான கருவி. நட்சத்திரங்களை அளந்து இருப்பிடம் கணிக்கும்போது 4 விநாடி பிசகினால், நிலநடுக்கோட்டருகே தீர்க்கரேகை ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர், தள்ளிப்போகும். அதனால் நேரம் திருத்தும் பக்கக் குமிழை இழுத்தால் விநாடி முள் நிற்கும். நேரக்குறி கேட்டதும் அழுத்தினால் ஓடும். தடித்த கையுறையோடு திருகத்தான் குமிழ் அவ்வளவு பெரிது. நீண்ட தோல்வார், விமான உடையின் கைக்கு மேலேயே கட்டுவதற்கு.

தயாரித்தவை லாங்கே, லாக்கோ, ஸ்டோவா, வெம்பே, சுவிட்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி. ஆகிய ஐந்தே நிறுவனங்கள். 1940-இன் முகப்பில் மணி எண்கள் வெளிவட்டத்தில் இருந்தன. 1941-இல் நிமிட எண்கள் வெளியே வந்து, மணி சிறு உள்வட்டத்துக்குப் போனது. வழி கணிப்பவருக்கு நிமிடமும் விநாடியுமே முக்கியம். என் பார்வையில் இந்த மாற்றம்தான் அதன் வடிவமைப்பின் உச்சம்.

பழையதை வாங்குவோர் உறையின் பக்கவாட்டில் எஃப்.எல். 23883 (FL 23883) என்ற பொறிப்பைப் பாருங்கள். போலிகளிலும் அது இருக்கும் என்பதால் பின்மூடியின் உட்புற விவரங்களையும் ஒப்பிட வேண்டும். ஆனால் நீங்களே திறக்காதீர்கள். முகப்பு இருளில் ஒளிரப் பூசிய கதிரியக்க ரேடியப் பூச்சின் ஒளி மங்கியிருந்தாலும் கதிர்வீச்சு மங்கவில்லை. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 ஆண்டுகள். உதிரும் தூளைச் சுவாசிப்பதே பெரிய ஆபத்து.